நானே செய்த மின்வெட்டு

இந்த ஊரில் மின்சாரம் போவதில்லை.
போனால் அது செய்தி.
பத்தொன்பது ஆண்டுகளில் எங்கள் புளோக்கில்
ஒரே ஒரு முறை, இருபத்தாறு நிமிடம்.
அந்த இருபத்தாறு நிமிடமும்
அமுக்குப் பையை அழுத்தி அழுத்தித்
தம்பி பரிதியின் நெஞ்சுக்குள்
நான்தான் காற்றாக இருந்தேன்.

அதனால்தான் பேட்டரி.

உபியில் ஒரு தொழிற்கூடம், ஆறாம் மாடி,
குளிரூட்டி சொட்டும் நடையின் கடைசிக் கதவு.
"வணக்கம்க்கா" என்றான்.
என் பெயரைக் கேட்டான், அப்பாவின் ஊரைக் கேட்டான்,
தன் மாமியார் ஊருக்குப் பக்கம்தான் என்றான்.
"எட்டு மணி நேரம் தாங்கும்.
வேற ஆளுக்கு ஆயிரத்து அறுநூறு வெள்ளி.
நீங்க நம்ம ஆளு. ஆயிரத்து நூறு."

நம்ம ஆளு.
அதற்கப்புறம்
ரசீது கேட்க வாய் வரவில்லை.

பெட்டியைத் தூக்கியபோதே
என் வலக்கை சொன்னது.
பதினோரு வருடமாக விமானச் சரக்குக் கூடத்தில்
தராசு முன்னால் நிற்கிற கை.
சீட்டில் எதை எழுதினாலும்
ஆறு கிலோ ஆறு கிலோதான் என்று தெரிந்த கை.
அதை நான் அதட்டினேன்:
சும்மா இரு.

கட்டிலுக்கு அடியில் வைத்தோம்.
நான்கு பச்சை விளக்கு, நான்கும் எரிந்தன.
எட்டு மாதம் எரிந்தன.
பச்சை விளக்கு எரிய என்ன வேண்டும்?
ஒரு மின்மினிக்குள் இருப்பது போதும்.

ஓர் இரவு வேலையில்தான் உறைத்தது
அவன் தொழிலின் நுட்பம்.
இருட்டு வராத ஊரில்
இருட்டுக்கு மருந்து விற்பவனை
யார் சோதிப்பார்கள்?
பொய் கட்டிலடியில் கால் நீட்டித் தூங்கும்.
பிடிபடாமலே கிழடாகும்.

ஒரு ஞாயிறு, பகல் இரண்டு மணி.
பரிதி விழித்திருந்தான்.
அமுக்குப் பையோடு பக்கத்து வீட்டு நூர்லைலா நின்றாள்.
கதவோரப் பெட்டியைத் திறந்து
மெயின் சுவிட்சை நானே கீழே தள்ளினேன்.
மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது.
ஃபிரிட்ஜ் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது.
இந்த வீட்டுக்கு வந்தபின் முதல் முறையாகப்
பன்னிரண்டாம் மாடிக்கு
விரைவுச்சாலையின் இரைச்சல் ஏறி வந்தது.

எட்டு மணி நேரத்தில்
நாற்பத்தொரு நிமிடம் வந்தது.

"மிச்சம் ஏழு மணி பத்தொன்பது நிமிஷம் எங்கக்கா?"
"அவன் மாமியார் ஊர்ல."
பரிதி சிரித்தான். அவனுக்குச் சிரிப்பு
கண்ணில் மட்டும்தான் வரும்.

அதே ஆறாம் மாடி, அதே கதவு, வேறு பெயர்ப்பலகை.
இப்போது நீர்வடிகட்டி விற்கிறான்.
"வணக்கம்க்கா" என்றான், என்னைத் தெரியாமல்.
தெரிந்ததும் கேட்டான்:
"ரசீது இருக்காக்கா?"

பிடோக்கில் சியூ லிங் கடை.
என் பெயரை அவள் கேட்கவில்லை.
மூச்சுக் கருவியின் பெயரைக் கேட்டாள்,
அதன் பின்புறத்தைப் படமெடுத்து வரச் சொன்னாள்.
பேட்டரியில் ஒரு பெரிய விளக்கை மாட்டி எரியவிட்டு
நாற்காலியைக் காட்டினாள்.
இரண்டு கோப்பி குடித்தேன், விளக்கு அணையவில்லை.
"ஐந்து மணி. ஈரக்காற்றுப் பெட்டியும் போட்டால் நாலு.
மூன்று வருடத்தில் குறையும்."
அதையே ரசீதிலும் எழுதினாள்.
பேரம் பேசினேன். தலையாட்டி மறுத்தாள்.
ஒரு வெள்ளிகூடக் குறையவில்லை.

இருபத்து மூன்று கிலோ.
மின்தூக்கியிலிருந்து வாசலுக்குள்
மூன்று இடத்தில் இறக்கி வைத்தேன்.
இடுப்பு பிடித்துக்கொண்டது.
வலக்கை ஒன்றும் சொல்லவில்லை.

சியூ லிங்கையும் நான் நம்பிவிடவில்லை.
மாதத்தின் முதல் ஞாயிறு
சுவிட்சைத் தள்ளுகிறேன்.
பரிதி கடிகாரம் பார்க்கிறான்.
நூர்லைலா பொரித்த வாழைப்பழம் கொண்டுவருகிறாள்.
விரைவுச்சாலை மேலேறி வந்து
எங்களோடு உட்கார்ந்துகொள்கிறது.